ஏழு வருஷச் சாமான்

"அக்கா, கதவைத் திற. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்."

தங்கை மாடிப்படி ஏறி வந்த வேகமே சொன்னது, விஷயம் சின்னதில்லை என்று. ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் நாள் முழுக்க விரிப்புகளுக்கு இஸ்திரி போட்ட சூடே இன்னும் உடம்பில் தணியவில்லை. வீட்டுக்குள் கால் வைத்தால் மகள் தேம்பிக்கொண்டு நிற்கிறாள்.

உள்ளே தையல் மிஷின் சத்தம் நின்றது. அக்கா கதவைத் திறந்தாள். கழுத்தில் அளவு டேப்பு, வாயில் குண்டூசி.

"குழந்தைகிட்ட என்ன சொன்னே?"

அக்கா நிதானமாகக் குண்டூசியை எடுத்தாள். "எந்தக் குழந்தைகிட்ட?"

"ஆமா, ஊர்க் குழந்தைக்காக நான் வந்து நிக்கிறேன் பாரு. என் வாலுகிட்டதான். அவ காலைப் பிடிச்சுக்கிட்டு, கெட்ட காலம் வருது, ரொம்ப தூரம் நடக்கணும்னு சொன்னியாமே. அஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட பேசற பேச்சா இது?"

"உள்ளதைச் சொன்னேன்."

"உன் வாயில அடுப்புக் கரியை வைக்க."

சண்டை புதுசில்லை. ஒரே சபைதான், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்தான். ஏழு வருஷம் உலகத்துக்குப் பெரிய உபத்திரவம் வரும் என்பதில் ரெண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. அதற்கு முன்னாடியே ஆண்டவர் ரகசியமாக வந்து விசுவாசிகளை மேலே எடுத்துக்கொள்வார் என்பது தங்கை கட்சி. அதெல்லாம் கிடையாது, விசுவாசிகளும் ஏழு வருஷமும் இங்கேயே கிடந்து பட வேண்டும், அப்புறம்தான் வருவார் என்பது அக்கா கட்சி. இதை வைத்துச் சபை ரெண்டாக உடைந்தது. இந்த வீடும் மாடி ஒரு கட்சி, கீழே ஒரு கட்சி என்று ஆனது. வருகிறவரே வந்து தீர்ப்புச் சொல்லட்டும் என்று பொறுக்க யாருக்கும் பொறுமையில்லை.

அக்கா சும்மா இருக்கிறவளும் இல்லை. அந்த ஏழு வருஷம் ஆளப்போகிற கொடியவனின் முத்திரையைக் கையில் போட்டுக்கொள்ளாதவன் கடையில் உப்புகூட வாங்க முடியாத காலம் வரும் என்று, தைத்துச் சம்பாதிப்பதையெல்லாம் சாமானாக வாங்கி அடுக்கினாள். அரிசி, பருப்பு, மெழுகுவர்த்தி, மருந்து. கட்டிலுக்கு அடியில் டின், கட்டிலுக்கு மேலே மூட்டை, நடுவில் அவள். கல்யாணம் காட்சி எதுவும் பண்ணிக்கொள்ளாத ஒண்டிக்கட்டைக்கு எதற்கு இத்தனை என்று தெருவே சிரித்தது. 'கிடங்கு' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

"போன வாரம் ஒரு டம்ளர் எண்ணெய் கேட்டேன். வாய் கூசாம இல்லேன்னே. ஆறு டின் இங்க உக்காந்திருக்கு. கூடப் பிறந்தவளுக்கு ஒரு டம்ளர் இல்லை, வராத காலத்துக்கு ஆறு டின்னு."

"அது எடுக்கிற எண்ணெய் இல்லை."

"நீயே குடி. ஏழு வருஷமும் நீயே உக்காந்து தின்னு. நாங்க இருக்க மாட்டோம். நானும் அவரும் என் பொண்ணும் மேல போயிடுவோம். உனக்கு விசுவாசம் இல்லை, நீ கிட."

அக்காவின் முகம் சுருங்கியது. "போனா சந்தோஷம்டி. போகலேன்னா?"

"பார்த்தியா, இந்த நாக்குதான் என் பிள்ளையைப் பயமுறுத்துது. கேட்டுக்கோ. வேற வீடு பார்த்தாச்சு. இந்த மாசத்தோட காலி பண்றோம். பள்ளிக்கூடம் விட்டா இனிமே வாலு இங்க வர மாட்டா. பெரியம்மான்னு ஒருத்தி இருந்ததையே அவ மறந்துடணும்."

அக்கா கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

அதைப் பார்க்கப் பார்க்கத் தங்கைக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பி அலமாரியைப் பார்த்தாள். மேல் தட்டில், பழைய போர்வை போர்த்தி, என்னவோ அடுக்கி இருந்தது.

"அது என்ன புதுசா? அதையும் பதுக்கியாச்சா?"

"அதை மட்டும் தொடாதே."

தொடாதே என்று சொன்னால் தொடாமல் இருக்கிற வம்சமா அது? ஸ்டூலில் ஏறிப் போர்வையைப் பிடித்து ஒரே இழு. அட்டைப்பெட்டிகள் சரிந்து தரையில் விழுந்து திறந்துகொண்டன.

உள்ளே ஷூக்கள். புது ஷூக்கள். கெட்டியான அடி, பொம்பளைப் பிள்ளை போடுகிற மாதிரி ஓரத்தில் பூப் போட்டது.

தங்கை கீழே இறங்கி ஒன்றை எடுத்தாள். உள்ளங்கைக்கு அடங்கியது. வாலு இப்போது போட்டிருப்பதைவிட ஒரு விரல் பெரிசு. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் பெரிசு. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். மொத்தம் ஏழு ஜோடி. கடைசி ஜோடி கிட்டத்தட்ட தங்கையின் காலுக்கே வரும் போல இருந்தது.

முதல் ஜோடியில் ஒன்றை மறுபடி கையில் எடுத்தாள். ஓரத்துப் பூவை விரலால் தடவினாள்.

அக்கா அவள் கையிலிருந்ததை வெடுக்கென்று பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

"துணிமணியெல்லாம் நானே தைச்சுப் போட்டுடுவேன்டி. ஷூ தைக்க எனக்கு வராதே."