கதைக்கக் கூடாத நாள்

சென்ட் லோரன்ட் பஸ்ஸில் ஏறிய அனுப்ரியாவைக் கண்டதும் துஷாந்தினி வெடுக்கென்று முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த தாய் செல்வமலருக்குச் சுருக்கென்றது. எட்டு மணித்தியாலம் நின்றபடி மருந்துப் பெட்டி அடுக்கிவிட்டு வருகிற உடம்பு. கோபப்படத் தெம்பில்லைத்தான். ஆனாலும் வந்தது.

"ஏன் பிள்ளை, எங்கடை மேல்வீட்டு அனுப்ரியாவெல்லே? கூப்பிடன்."

"அம்மா, பேசாமல் இருங்கோ."

2004 தை மாதம். பல்கலைக்கழகத்தில் துஷாந்தினி இருக்கிற சங்கத்துக்கு, சொரோரிட்டி என்பார்களே, அந்தப் பெண்பிள்ளைகள் சங்கத்துக்குப் புது ஆட்கள் எடுக்கிற கிழமை. தேத்தண்ணி விருந்தாம், ஆட்டமாம், பாட்டாம். பிறகு கூடியிருந்து வாக்குப் போட்டு ஒவ்வொரு பெயராக வெட்டுவார்களாம்.

முந்தாநாள் வரைக்கும் "அனு, அனு" என்று அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள்தான் இவள். சென்னையிலிருந்து படிக்க வந்த பிள்ளை. இந்தக் குளிர் ஊரில் அவளுக்கென்று ஒரு சொந்தபந்தம் கிடையாது. "சங்கத்துல சேந்துட்டா நாலு பேரு கிடைப்பாங்க ஆன்ட்டி" என்று படிக்கட்டில் நின்று ஆசையாகச் சொன்னவள்.

செல்வமலர் தானே எழும்பி இடம் விட்டாள்.

"வா பிள்ளை, இதிலை வந்து இரு. சாப்பிட்டியே? ஏன் முகம் வாடிக்கிடக்கு?"

அனுப்ரியா அவளைப் பார்த்தாள். பின் காலியான இடத்தைப் பார்த்தாள். வாயே திறக்காமல் மணியை அடித்துவிட்டு, அடுத்த தரிப்பில் இறங்கிப் போனாள். வீட்டுக்கு இன்னும் மூன்று தரிப்பு இருந்தது. வெளியே உறைபனி, காலில் வெறும் கன்வஸ் சப்பாத்து.

"அவளுக்கும் எடுப்பும் திமிரும்தான். நல்ல சோடி சேர்ந்திருக்கிறியள்" என்றாள் செல்வமலர்.

துஷாந்தினியின் கண் நிறைந்திருந்தது.

"பின்னாலை இருக்கிற ரெண்டு பேரும் எங்கடை சங்கத்து ஆக்கள் அம்மா. இந்த முறை சேர வந்த பிள்ளையள் ஒருத்தரோடையும் நாளைக்குக் காலமை வரைக்கும் நாங்கள் கதைக்கக்கூடாது. வீட்டு ஆக்களும் கதைக்கக்கூடாது."

"இதென்ன கண்டறியாத சட்டம்?"

"அந்தக் காலத்திலை பெரிய சங்கங்கள் கடைசி நேரத்திலை ஆசை காட்டிப் பிள்ளையளை இழுத்துப்போடுவினமாம். அதை நிப்பாட்டக் கொண்டுவந்ததாம். இன்னும் விடாமல் பிடிச்சுக்கொண்டிருக்கினம்."

செல்வமலர் அவள் இறங்கிய பக்கம் திரும்பிப் பார்த்தாள். விசர் வேலை பார்த்துவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"அப்ப நான் கதைச்சதாலை அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிற இடம் போயிடுமே? அதுக்குப் பயந்துதானே இறங்கி ஓடினவள்?"

துஷாந்தினி கண்ணைத் துடைத்தாள்.

"அவளின்ரை பெயரை நேற்றே வெட்டியாச்சு அம்மா. போன் எடுத்து அவளுக்கும் சொல்லியாச்சு. நீங்கள் தனியக் கேட்டதைப் பெரிசாய் எடுக்கமாட்டினம், ஆனால் இண்டைக்கு அவளும் வாய் திறந்து பதில் சொல்லியிருந்தால் சங்கத்திலை போறது என்ரை இடம். அது தெரிஞ்சுதான் இறங்கினவள்."