பாதம் இல்லாத திருமண்

மண்டபச் செயலாளர் பாஷ்யம், தன் வீட்டுக் கூடத்தில் இசக்கிபாண்டியின் படம் ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பைப் படாரென்று மூடினார்.

“ஸ்கூல் படிக்கற ரெண்டு ஆம்பளைப் பசங்க டிபன் பாக்ஸை மாத்திக்கறதும், பஸ்ல தோள்ல சாஞ்சுக்கறதும். இந்தக் காதல் கண்றாவியைப் போட்டுக் காட்ட எங்க மண்டபம் வேணுமா?”

“சின்னப் படம் சார். ஒரகடத்துல எங்கூட கம்பெனி லைன்ல வேலை பாக்குற பயலுவள வச்சே எடுத்தேன்” என்றான் இசக்கிபாண்டி.

“அடுத்த வாரம் அதே மேடையில என் பையன் ஷ்ரவணுக்கு நிச்சயதார்த்தம். ஸ்ரீபெரும்புதூர்ல இப்படி ஒருத்தனும் கிடையாது. எழுந்து போடா.”

இசக்கிபாண்டி எழுந்தான். “தப்பா ஒண்ணும் காட்டலயே சார்.”

“எல்லாமே தப்பு. அந்த ஐயங்கார் பையன் நெத்தியில திருமண்ணைப் பாரு, மூக்குல இறங்கற பாதக் கோடே இல்லை. நாங்க தென்கலைடா. ஷ்ரவண் ஒரு நாளாவது பாதம் இல்லாம இட்டுண்டு ஸ்கூலுக்குப் போயிருக்கானா? உனக்குக் கதை சொன்ன, ஷ்ரவணோட பஸ்ல போன அந்த வாலாஜாபாத் பையன் இதைச் சொல்லலையா?”

இசக்கிபாண்டி விழித்தான்.

“இது எங்க நாங்குநேரிப் பக்கத்துக் கதை சார். உங்க பையனை நான் பாத்ததே கிடையாதே.”

பாஷ்யம் மூடிய லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளினார்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி பத்மாசினி, சமையலறை வாசலிலேயே நின்றிருந்தாள். இரண்டு டம்ளர்களையும் மேஜைமேல் வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

“அப்போ உங்களுக்கும் தெரியும்” என்றாள்.