ஒருவர் பார்த்திருக்கிறார்

தையல்காரம்மா தனிக்கட்டை. சட்டைக்குக் காலர் வைப்பது எப்படி என்று அவள் போடும் வீடியோக்களை எப்போதும் ஒரே ஒருவர்தான் பார்ப்பார். அவளுடைய தங்கை மகளுக்கோ லட்சக்கணக்கில் கூட்டம். அவள் தும்மினால்கூட ஊரே பார்க்கும்.

ஒருநாள் அந்த ஒருவர் கமெண்டில் எழுதியிருந்தார்: "கத்தரி மெஷினுக்கு அடியில கிடக்கு."

காலையிலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்த கத்தரி. குனிந்து பார்த்தாள், கிடந்தது. வீடியோவில் அவள் கைகளும் துணியும் மட்டும்தான் தெரியும். கத்தரியைக் காணோம் என்று அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை.

அடுத்த வீடியோவுக்கு, "சாப்பிடாம தைக்காதீங்க" என்று வந்தது. அன்று அவள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. எழுந்து போய்ச் சாப்பிட்டாள். அப்படி ஒருவர் சொல்லிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அந்த வாரம் தங்கை மகள் போனில் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, ஞாயித்துக்கிழமை எங்க ஆளுங்களோட வர்றேன். உங்க வீட்லயே சேர்ந்து ஒரு வீடியோ எடுப்போம். ஒரே நாள்ல எங்கேயோ போயிடுவீங்க!"

"வாம்மா, வா!" என்றாள் வாயெல்லாம் பல்லாக.

போனை வைத்ததுமே புதிதாக ஒரு கமெண்ட் வந்தது: "அவ்வளவு பேர் வந்தா நான் எங்க உட்கார்றது?"

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு தங்கை மகளை அழைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை வேண்டாம்மா."

"ஏன் பெரியம்மா, உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. வீட்ல ஆள் இருக்காங்க."

போனை வைத்துவிட்டு, மெஷினுக்கு எதிரே இருந்த நாற்காலியில் குவிந்துகிடந்த துணிகளை எல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டாள்.