எட்டாம் பாகம்

பேனா மறுபடியும் நழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டது.

பிசியோதெரபிஸ்ட் குனிந்து எடுத்தாள். வழுக்காமலிருக்க அதைச் சுற்றி அவளே பஞ்சு வைத்துக் கட்டியிருந்தாள். எழுத்தாளரின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பேனாவைப் பொருத்தி, மணிக்கட்டைத் தன் கையில் தாங்கிக்கொண்டாள்.

"அவசரமே இல்ல சார். ஒரு கோடு போதும்."

சொன்னாளே தவிர, அவசரமெல்லாம் அவளுக்குத்தான்.

பக்கவாதத்தில் அவருடைய வலது கை விழுந்ததிலிருந்து அவள் இந்த வீட்டுக்கு வருகிறாள். நிழல்களை விற்றுப் பிழைக்கும் ஒரு நாட்டைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதியவர் அவர். அந்த நாட்டுக்குள் பள்ளிக்கூடச் சீருடையோடு நுழைந்தவள் அவள். இன்னும் வெளியே வரவில்லை.

ஆனால் அதைப் பற்றி இங்கே மூச்சு விட்டதில்லை.

விட முடியாது. முதலில் இருந்த நர்ஸ் அவருடைய வாசகன். படுத்துக் கிடந்தவரைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான். அன்றே அவனுக்குக் கதவு சாத்தப்பட்டது. வாசகர் என்று யாரும் இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று மகள் சட்டம் போட்டுவிட்டாள். இப்போதும் கால்மாட்டில் நாற்காலியைப் போட்டு, கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தாள்.

பிசியோவின் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஏழு பாகங்கள் இருந்தன. ஏழும் முதல் பதிப்பு. ஏழிலும் அவர் கையெழுத்து. இரண்டாம் பாகத்தின் வரைபடத்தில் ஆறு கடலிலிருந்து மலைக்கு ஏறிப் போவதாக அச்சாகிவிட, பதிப்பகமே எல்லாப் பிரதிகளையும் திரும்ப வாங்கிக் கூழாக்கியது. தப்பிய ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் அவள் கண்டெடுத்தாள். அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசிப் பாகமான எட்டாம் பாகம் அவர் படுக்கையில் விழுந்த பிறகு வந்தது. அவர் கையெழுத்துப் போட்ட பிரதி உலகத்தில் ஒன்றுகூட இல்லை. இனி வராது என்று சேகரிப்பவர்கள் எல்லாரும் கைகழுவிவிட்டார்கள்.

அந்த எட்டாம் பாகம் அவளுடைய பைக்குள், துண்டுக்கு அடியில் இருந்தது.

தினமும் எடுத்து வருவாள். கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் திருப்பி எடுத்துப் போவாள். அவர் விரல்களை நீவிவிடும்போதெல்லாம் ஒரே கேள்விதான் அவளைக் குடையும். இந்த விரல் பிழைக்க வேண்டுமென்று தவிப்பது இவருக்காகவா, என் அலமாரிக்காகவா?

பேனா மெல்ல நகர்ந்தது. காகிதத்தில் ஒரு புள்ளி விழுந்தது. அதற்குள் கை வேர்த்துப் பேனா மீண்டும் வழுக்கியது.

"இருங்க, துண்டு எடுக்கறேன்" என்று மகள் எழுந்தாள்.

துண்டு எந்தப் பையில் இருக்கும் என்று மகளுக்குத் தெரியும்.

வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள் பிசியோ. சொன்னால் ஏன் என்று கேள்வி வரும். எழுந்து ஓடலாமென்றால், தாங்கியிருக்கும் மணிக்கட்டு பொத்தென்று விழும். அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

மகள் திரும்பியபோது துண்டு தரையில் கிடந்தது. புத்தகம் கையில் இருந்தது.

"இதுக்குத்தானா? இவ்வளவு நாளா இதுக்குத்தான் வந்துட்டிருந்தீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் பிசியோ. பாதிப் பொய்யாகிவிடுமோ என்று நிறுத்திக்கொண்டாள்.

மகள் கதவைக் காட்டினாள்.

பிசியோ அவருடைய கையைத் தலையணைமேல் இறக்கி வைக்கப் போனாள். கை இறங்கவில்லை. நரம்பு இழுக்கிறதோ என்று பதறிப்போய்ப் பார்த்தாள்.

அவர் விரல்கள் அவள் விரலைப் பற்றியிருந்தன.

"தெரியும்" என்றார் எழுத்தாளர். ஒவ்வொரு சொல்லும் மாடிப்படி ஏறி வருவதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. "வரிசையில... எப்பவும்... கடைசி ஆளு. எப்பக் கேப்பியோன்னு... பாத்துட்டே இருந்தேன்மா."

புத்தகம் வெளியாகும் நாளிலெல்லாம் அவள் வேண்டுமென்றே கையெழுத்து வரிசையின் கடைசியில் நிற்பாள். பின்னாலிருந்து யாரும் முடுக்காமல் அவர் கை எழுதுவதை முழுசாகப் பார்க்கலாம் அல்லவா? அந்தக் கூட்டத்தில் தன் முகம் அவருக்கு ஒரு முகமாகவே பட்டிருக்காது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

அவர் இடது கையை மகள் பக்கம் நீட்டினார், புத்தகத்துக்காக.

மகள் கொடுக்கவில்லை. புத்தகத்தை மார்போடு அணைத்தபடி, அப்பாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைத் திறந்து, அது நகர்ந்துவிடாமல் இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பிசியோ பேனாவைப் பொருத்தினாள். மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டாள்.

கோடு கோணலாகக் கிளம்பியது. நின்றது. மறுபடி கிளம்பியது.

அது ஓர் எழுத்தாகத் திரள்வதற்குள், மகள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில ஃபோன்ல பிசியோக்கள் ஃபோட்டோவையெல்லாம் காட்டி, யாரை அனுப்பட்டும்னு கேட்டாங்க. அப்பாவோட இடது கை விரல் உங்க மூஞ்சி மேல வந்து விழுந்துச்சு. கை நடுங்குதுன்னு நெனச்சு நான் அடுத்த ஃபோட்டோவுக்குத் தள்ளப் பாத்தேன். அவரு விரலை எடுக்கவே இல்ல."