சிம்மில் வைத்த கறி

“ஜன்னலைச் சாத்திட்டு சிம்ல வெச்சிருக்கேன் தம்பி. ரெண்டாவது ஆராதனைக்குக் கிளம்புறதுக்குள்ள கறி வெந்துடும்,” என்றபடி புஷ்பம் முன்னறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

சத்தியநாதன் தலையை மட்டும் அசைத்தான். ஒன்றரை வயது ஹில்டாவை மடியில் வைத்து சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான்.

புஷ்பம் அவன் மனைவி பியூலாவின் அக்கா. குரோம்பேட்டையில் பள்ளி ஆசிரியை. பியூலா இறந்து நான்கு மாதம் ஆகிறது. நேற்று மாலை வந்தவள், வந்த காரணத்தை மறைக்கவில்லை. தனி ஆளால் பெண்குழந்தையை வளர்க்க முடியுமா என்று ஒருநாள் கூடவே இருந்து பார்ப்பதாகவும், முடியாது என்று பட்டால் ஹில்டாவைத் தன்னோடு கூட்டிப்போவதாகவும் சொல்லியிருந்தாள்.

அவனுக்கு வேறு யாரும் இல்லை. விடியுமுன் எழுந்து துணி துவைத்தான். கஞ்சி காய்ச்சினான். குழந்தையைக் குளிப்பாட்டினான். எல்லாவற்றையும் அவள் கண்ணில் படும்படி செய்தான்.

பெருங்களத்தூரில் அவன் வீடு இருந்த தெருவுக்கு, பெயர் பதிந்துவிட்டு நான்கு வருடம் காத்திருந்த பிறகுதான் காஸ் வந்தது. அதோடு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கமும் வந்தது. கறியைத் தாளித்து ஏற்றி, சிம்மில் வைத்துவிட்டு சர்ச்சுக்குப் போவார்கள். திரும்பி வரும்போது குழம்பு தயாராக இருக்கும். அடுப்புக் குமிழில் இருந்த மூன்று ஆங்கில எழுத்து தெருவுக்கே பொதுச்சொல் ஆனது. டி.வி.யைச் சிம்மில் வைத்தார்கள். சண்டை போட்டவர்களைச் சிம்மில் பேசச் சொன்னார்கள்.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்தும் சத்தியநாதன் ஒருமுறை பியூலாவுக்கு அதன் முழுச் சொல் ‘சிம்மர்’ என்று சொன்னான். பொங்கவிடாமல், கொதியின் விளிம்பிலேயே நிறுத்தி வைப்பது என்று விளக்கினான். கோபத்தை வெளியே காட்டாமல் உள்ளே வைத்திருப்பதற்கும் அதே சொல்தான் என்றான். அதற்கு இங்கிலீஷ் எதற்கு, நீங்கள்தான் இருக்கிறீர்களே என்று அவள் சிரித்தாள்.

கருகல் வாடை வந்தது.

புஷ்பம் உள்ளே ஓடினாள். கறி அடிப்பிடித்திருந்தது. குமிழ் முழுவதும் திறந்திருந்தது. சுவாலை பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி நின்றது.

“தம்பி, நீங்க உள்ள வந்தீங்களா?”

அவன் நாற்காலியை விட்டு அசையவில்லை. அது அவளுக்கே தெரியும். தான்தான் சரியாகத் திருப்பவில்லை போலும் என்று முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றி, மறுபடியும் சிம்மில் வைத்தாள். இந்தமுறை ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குமிழ் நகர்ந்தது. ஈரக்கையோடு ஒருவர் திருப்புவதுபோல, கொஞ்சம் திரும்பி, நின்று, மறுபடி திரும்பியது. தீ உயர்ந்தது.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடி வெகுநேரம் ஜெபித்தாள். பிறகு, எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டாள்.

புது அடுப்பு வாங்கிய நாளிலிருந்து என்றான் சத்தியநாதன். மூன்று மாதமாக. பாலோ கஞ்சியோ, எதைச் சிம்மில் வைத்தாலும் தீ தானாக ஏறிவிடும். பெரிதாக எரியவிட்டால் ஒன்றும் ஆகாது. வெளியே தெரிந்தால் இந்த வீட்டில் குழந்தையை யாரும் விடமாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

புஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த நான்கு மாதமும் தங்கையின் மேல் அவளுக்குக் கோபம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை பியூலா காய்ச்சலில் வீட்டிலேயே இருந்தாள். சத்தியநாதன் குழந்தையோடு சர்ச்சுக்குப் போயிருந்தான். பியூலா கறியைச் சிம்மில் வைத்துவிட்டுப் படுத்துத் தூங்கியிருக்கிறாள். சமையலறை ஜன்னலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு முள்வேலிதான். ரயில் போன காற்றில் சின்னத் தீ அணைந்து, காஸ் அறையெல்லாம் நிறைந்துவிட்டது. மூக்கடைப்பில் அவளுக்கு வாடை தெரியவில்லை. எழுந்து வந்து வெந்நீர் வைக்கத் தீக்குச்சி கிழித்தாள். சத்தியநாதன் சொல்லித்தான் புஷ்பத்துக்கு இவ்வளவும் தெரியும். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் பியூலாவின் கவனக்குறைவைத்தான் பேசினார்கள். புஷ்பமும் பேசினாள்.

“கூறு கெட்டவளேன்னு கல்லறையில நின்னு திட்டினேன் தம்பி,” என்றாள் இப்போது. “அவ இங்கதான் இருக்கா. பிள்ளையை விட்டுட்டுப் போகல. தான் செஞ்ச தப்பைத் தானே திருத்திக்கிட்டு நிக்கிறா, பாவம். அம்மா இருக்கிற வீட்டிலேருந்து நான் எப்படி இவளைத் தூக்கிட்டுப் போவேன்? ஹில்டா உங்ககிட்டயே இருக்கட்டும்.”

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சத்தியநாதன் ஹில்டாவின் தலையை ஒருமுறை தடவினான். பிறகு குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தான்.

“கூட்டிட்டுப் போங்க அக்கா. அன்னைக்கு நான் கிளம்புற வரைக்கும் அடுப்பு கிட்ட அவ வரவே இல்ல. ரயில் காத்துல அணைஞ்சுடும், சிம்ல வெக்காதீங்கன்னு படுத்துக்கிட்டே சொன்னா. கேக்காம வெச்சுட்டுப் போனது நான்.”