பிடிக்காதவர் பெட்டி

தமிழ்நாட்டில் மிச்சமிருக்கும் ஒரே நல்ல காது தன்னுடையதுதான் என்பதில் குலோத்துங்கனுக்குச் சந்தேகமே இல்லை. 'மின்சாரக் குருவி' பாட்டை வெறுப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

மின்சார ரயிலில் அந்தப் பாட்டு பிடித்தவர்களுக்கு ஒரு பெட்டி, பிடிக்காதவர்களுக்கு ஒரு பெட்டி. பிடிக்காதவர் பெட்டியில் எவர் காலாவது தாளம் போட்டால் தரைக்குத் தெரிந்துவிடும். அவர் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். அடுத்த நிலையத்தில் எல்லோரும் சேர்ந்து அவரை வெளியே தள்ளுவார்கள். போன வாரம் சங்கத் தலைவரையே பல்லாவரத்தில் தள்ளினார்கள்.

இன்று குலோத்துங்கனின் பக்கத்தில் சங்க உறுப்பினர் அருளப்பன் காலைத் தூக்கி இருக்கையில் சம்மணம் போட்டிருந்தார்.

"என்னண்ணே, வண்டிக்குள்ள வெள்ளமா?" என்றார் குலோத்துங்கன். "உண்மையா வெறுக்கிறவன் கால் தரையில இருக்கும். தூக்குறவன் துரோகி!"

பெட்டியே கைதட்டியது.

குரோம்பேட்டை தாண்டியதும், ரசிகர் பெட்டியில் வேண்டுமென்றே பாட்டை அலற விட்டார்கள்.

"குப்பை! குப்பை!" என்று கத்தினார் குலோத்துங்கன். கத்தல் சரியாகத் தாளத்தில் விழுந்தது. செருப்புக்குள் கட்டைவிரல் மெல்ல எழுந்தது.

அவர் சுற்றிலும் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் சத்தமில்லாமல் இருக்கையில் ஏற்றிக்கொண்டார்.

அருளப்பன் அவர் முழங்காலுக்கு இடம்விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.