எதிர்மனுதாரர் வரவில்லை

“இன்னிக்கும் வரலையா அந்தாளு?”

ராதிகா கேட்டபோது ஸ்வீட்லினால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விவாகரத்துக் கேட்டு வழக்குப் போட்டவள் ராதிகா. தீர்ப்புக்கு முன்னால் கணவன், மனைவி இருவரையும் உட்காரவைத்துப் பேசும்படி கோர்ட் அனுப்பியிருந்தது. பேச வேண்டிய ஆலோசகர் ஸ்வீட்லின்.

அம்பத்தூர் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு, பஸ் மாறி, மூன்று வெள்ளிக்கிழமையும் ராதிகா பூந்தமல்லி கோர்ட்டுக்கு வந்துவிட்டாள். அவள் கணவன் லட்சுமணன் ஒருமுறைகூட வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

“எங்கப்பா செத்தன்னிக்கு அந்தாளு பந்தல் போட்டுச்சு, சேர் எடுத்துப் போட்டுச்சு, வந்தவங்களுக்கெல்லாம் டீ குடுத்துச்சு. என் பக்கத்துல வந்து ‘அழாத’ன்னு ஒரு வார்த்தை சொல்லல மேடம். ஆறு வருஷமா செவுத்தோட குடும்பம் நடத்துறேன். நான் இருந்தா இன்னா, போனா இன்னா அதுக்கு?”

ஸ்வீட்லினுக்கே கோபம் வந்தது. இவ்வளவு அலட்சியமா ஒரு மனுஷனுக்கு?

மறுநாள் மதியம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு செம்பரம்பாக்கம் போனாள். அங்கே ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான் லட்சுமணன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், அவள் யாரென்று சொன்னதும் எச்சில் கையோடு எழுந்து நின்றான்.

“அடுத்த வெள்ளிக்கிழமைதான் கடைசி. அன்னிக்கும் வரலேன்னா, நீங்க ஒத்துழைக்கலன்னு எழுதி அனுப்பிடுவேன். அவங்க கேட்டதைக் கோர்ட் குடுத்துடும். பரவாயில்லையா?”

அவன் டிபன் பாக்ஸை மூடிவிட்டு நகரப் பார்த்தான். அவளும் விடுவதாக இல்லை, நின்றாள்.

“வந்தா இன்னா கேப்பீங்க மேடம்?”

“சேர்ந்து வாழ விருப்பமான்னு கேப்பேன்.”

“அவ இல்லன்னுவா. என் எதுர்லயே சொல்லுவா. அத்தக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல மேடம். நான் வராத வரிக்கும் அவ என் பொண்டாட்டிதானே? அதான் ஓடிக்கினு கீறேன்.”

முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“இதை அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே?”

“எனக்கு வாய் வராது. நீங்க சொல்லுங்க மேடம்.”

சாயந்திரம் ராதிகாவுக்குப் போன் போட்டு, அவன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள் ஸ்வீட்லின்.

“ராதிகா, லைன்ல இருக்கீங்களா?”

“அவரு... அழுதாரா மேடம்?”

“ம்.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“வெள்ளிக்கிழமை அவரை எப்படியாவது வரவெச்சிடறேன். நீங்களும் வந்துடுங்க.”

“இல்ல மேடம், நான் வரல.”

ஸ்வீட்லினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்னம்மா, இவ்வளவு சொன்ன பிறகுமா?”

“கேஸ் போட்டவளே வரலேன்னா, கேஸ் தானாப் போயிடும்ல மேடம்?”